பெட்டிக்குள்ள இருந்த காத்துக்கு 637 ரூபா

போன மாசம் பெங்களூருக்கு ஒரு பெட்டி முருங்கைக்கீரை அனுப்பினேன். பச்சைக்கீரை இல்லை, நிழல்ல காய வச்ச இலை. அங்க ஒரு அபார்ட்மென்ட்ல இருக்குற அம்மா, அக்கம்பக்கத்து வீட்டு ஆர்டரையும் சேர்த்து மொத்தமா வாங்குவாங்க. 100 கிராம் பாக்கெட் 25. பெட்டியோட சேர்த்து எடை 3 கிலோ 300 கிராம். வேலப்பன்சாவடி பக்கம் இருக்குற கூரியர் ஆபீஸ்ல என் கண் முன்னாடிதான் தராசுல வச்சாங்க. 4 கிலோன்னு கணக்கு, கிலோவுக்கு 60 ரூபா, மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 283 ரூபா கட்டி, ரசீது வாங்கி சட்டைப்பையில வச்சிக்கிட்டு நூம்பலுக்கு வந்துட்டேன்.

மூணாம் நாள் போன் வருது. "சார், ஹப்ல செக் பண்ணதுல உங்க பார்சல் 13 கிலோ காட்டுது. இன்னும் 637 ரூபா கட்டினாத்தான் டெலிவரிக்குப் போகும்."

3 கிலோ 300 எப்படி தம்பி 13 கிலோ ஆகும், வழியில குட்டி போட்டுச்சான்னு கேட்டேன். "வால்யூமெட்ரிக் சார்"னு சொல்லி வச்சிட்டான்.

மொத்த சரக்கே 2000 ரூபாதான். பத்து கிலோ கீரை பறிச்சா காம்பு போக, காஞ்ச இலை ரெண்டு கிலோ தேறினா பெரிசு. பறிக்கிற கூலி, கவர், பெட்டி எல்லாம் போக எனக்கு நிக்கிறது 600 சொச்சம். அதை அப்படியே எடுத்து வைங்கன்னு கேட்கிறாங்க. அந்த அம்மாகிட்ட இனிமே கேட்க முடியாது. கூரியர் 283-ன்னு ரசீதை போட்டோ எடுத்து அனுப்பி, காசும் வாங்கியாச்சு.

ராத்திரி மகன்கிட்ட உட்கார்ந்து இந்த வால்யூமெட்ரிக் என்னன்னு புரிஞ்சிக்கிட்டேன். பெட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல அளந்து பெருக்கி, 5000-ஆல வகுக்கணும். வர்றதுதான் கன அளவு எடை. நிஜ எடை, இந்த எடை ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம். சில கம்பெனி 6000-ஆல வகுக்குது, சிலது 4000. 5000-தான் அதிகமா நடக்குது. உலகம் பூரா இந்தக் கணக்குதானாம்.

இதுல ஒரு நியாயம் இருக்குங்க, அதை மறைக்கக் கூடாது. வைக்கோல் ஏத்துற லாரிக்காரன் எடைக்கா வாடகை கேட்கிறான்? லோடுக்குத்தான் கேட்கிறான். வண்டியில இடம் அடைச்சா அடைச்சதுதான், அது வைக்கோலோ செங்கல்லோ. என் கீரையும் வைக்கோல் ஜாதிதான். அழுத்திக் கட்டினா நொறுங்கிப் போகும். பொடி பண்ணி அனுப்பினா பெட்டி பாதியாச் சின்னதாகும், ஆனா பொடின்னா கலப்படம் இருக்கும்னு பயந்து உங்களை மாதிரி டவுன்காரங்க இலையாத்தான் கேட்கிறீங்க. அதனால இடத்துக்குக் காசு கேட்கிறதுல எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேற. அந்த அட்டைப்பெட்டி அடியிலேயே 45, 35, 30-ன்னு அளவு அச்சடிச்சிருக்கு. பெருக்கி வகுத்தா 9.45. மேல தூக்கிப் போட்டாலும் 10 கிலோ. இவங்க 13 எப்படிச் சொன்னாங்கன்னா, ஹப்ல எடுத்த அளவு 48, 38, 33. வழியில மத்த மூட்டைங்க மேல ஏறி உட்கார்ந்து பெட்டி பிதுங்கியிருக்கு. பிதுங்கின இடத்துல டேப்பை வச்சா பக்கத்துக்கு 3 சென்டிமீட்டர் கூடாதா? அந்த அளவுக்குக் கணக்கு போட்டா 12.04. அந்த 0.04-ஐயும் மேல தூக்கி 13 ஆக்கிட்டாங்க. 0.04-ங்கிறது எவ்வளவு இடம்னு நினைக்கிறீங்க? 200 மில்லி கூட வராது. ஒரு காபி டம்ளர் காத்து. அதுக்கு 60 ரூபா, ஜி.எஸ்.டி. தனி.

எங்க அப்பா காலத்துல நெல்லை எடை போட மாட்டாங்க, அளப்பாங்க. எட்டு படி ஒரு மரக்கால், பன்னெண்டு மரக்கால் ஒரு கலம். அதுவும் கன அளவுதானே? 1956-ல எடை அளவுச் சட்டம் வந்து, கொஞ்சம் கொஞ்சமா கிலோவும் லிட்டரும் நுழைஞ்சதுக்கப்புறம்தான் மரக்கால் மூலைக்குப் போச்சு. அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, "லாபம்"னு சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. குடுக்குறவரும் வாங்குறவரும் குவியலுக்கு ரெண்டு பக்கமும் நிப்பாங்க. தலை தட்டி அளக்கிறதா, கோபுரமா குவிச்சு அளக்கிறதான்னு முன்னாடியே பேசி முடிச்சிருப்பாங்க. நெல்லை வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, நாலு நாள் கழிச்சு எங்கேயோ ஒருத்தர் குடோன்ல அளந்து பார்த்து இன்னும் குடுன்னு கேட்டா, அவரை ஊருக்குள்ள விடுவாங்களா?

கூரியர் ஆபீஸ் தம்பி சொன்னது, "ரசீது பின்னாடி எல்லாம் போட்டிருக்கு சார்." போட்டிருக்குதான். எறும்பு சைஸ் எழுத்து, இங்கிலீஷ்ல. நான் பள்ளிக்கூடப் படிப்போட நின்னவன். ஆனா அதை லேசா எடுத்துக்க முடியாது. பாரதி நிட்டிங் கம்பெனிக்கும் டி.எச்.எல். கூரியருக்கும் நடந்த வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கு. ஜெர்மனிக்கு அனுப்பின கவர் போய்ச் சேராததால கம்பெனிக்கு நாலு லட்சத்துக்கு மேல நஷ்டம். ஆனா கையெழுத்துப் போட்ட தாள்ல 100 டாலர்தான் பொறுப்புன்னு இருந்ததால, 100 டாலரோட முடிஞ்சது. தாளைப் படிக்காமப் போடுற கையெழுத்துக்கு அவ்வளவு வலு.

அதே நேரம் 2019-ல வந்த புது நுகர்வோர் சட்டம், ஒருபக்கமா எழுதின நியாயமில்லாத ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்குது. பழைய 1986 சட்டத்துல அது இல்லை. 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்துல கட்டணம் கிடையாது, நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். எனக்குத் திருவள்ளூர். 1915-க்கு போன் பண்ணியும் புகார் பதியலாம். ஆனா 637 ரூபாய்க்கு எத்தனை தடவை திருவள்ளூருக்கு பஸ் ஏறுவேன்? கீரையை யார் பறிப்பாங்க? இது தெரிஞ்சுதான் கேட்கிறாங்களோன்னு தோணுது.

பணத்தைக் கட்டிட்டேன். சரக்கு அவங்க கையில, என்ன பண்ண? அந்த அம்மாவும் ரெண்டு தடவை போன் பண்ணி "எப்ப வரும்ணா"ன்னு கேட்டுட்டாங்க. கட்டிட்டு, அதே மாதிரி பெட்டி ஒண்ணு வீட்ல இருந்ததை டேப் வச்சு போட்டோ எடுத்து, ரசீதோட மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. 1915-ல புகார் பதிஞ்சேன். அதுக்கப்புறம்தான் கூப்பிட்டாங்க. 10 கிலோவுக்கு ஒத்துக்கிறேன், 708 ரூபா என் கடன், பிதுங்கினதுக்குத் தர மாட்டேன்னேன். 212 ரூபா 40 காசு திரும்பி வந்தது.

"212 ரூபாய்க்கா இத்தனை மெனக்கெட்ட?"ன்னு என் சம்சாரம் கேட்டா. அவ கணக்குல நியாயம் இருக்கு. ஆனா மாசம் நாலு பெட்டி அனுப்புறவனுக்கு, ஒவ்வொரு பெட்டியும் போய்ச் சேர்ற வரைக்கும் இன்னும் எவ்வளவு கேட்பாங்களோன்னு இருந்தா, எந்த விலையைச் சொல்லி வியாபாரம் பண்றது? தராசுக்கு சர்க்கார் முத்திரை வேணும்னு சட்டம் இருக்கு. டேப்பு பிடிக்கிற கைக்கு ஒண்ணும் இல்லை. நான் கேட்கிறது ஒண்ணுதான். அளக்கணும்னா புக்கிங் பண்ற இடத்துலயே என் எதிர்ல அளங்க, அளவை ரசீதுல எழுதுங்க, அதோட முடிச்சிக்குங்க.

கிராமத்துல இருந்து அப்பளமோ வத்தலோ பொரியோ வாங்குறவங்க, சரக்கு விலையை விட டெலிவரி சார்ஜ் கூட இருக்கேன்னு எங்களைக் கோவிச்சிக்கிறதுக்கு முன்னாடி இந்த 5000 கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. ரெண்டு மூணு வீடு சேர்ந்து வாங்கினாலும் இலைக்கு இடம் இலைக்குத்தான்.

நேத்து அடுத்த பெட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். இந்தத் தடவை சின்னப் பெட்டி ரெண்டு, நாலு பக்கமும் கயிறு. கையோட டேப்பும். நான் அளக்க அளக்க அந்தத் தம்பி சிரிச்சிக்கிட்டே ரசீது மேல பேனாவால எழுதினான். சீல் வைக்கச் சொன்னேன். "அதுக்கு மேனேஜர் வரணும் சார்"னான். அவர் சாப்பிடப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து வாங்கிக்கிட்டுத்தான் வந்தேன்.