களரியும் கல்லூரியும்

கலைஞன் ஒருவன் தன் தனிமையிலே ஆக்கும் ஆக்கம் ஒன்று. அவனே ஆசிரியனாகி, மாணவரைச் சேர்த்துக்கொண்டு பாடசாலையில் ஆக்கும் ஆக்கம் மற்றொன்று. இவ்விரண்டையும் வெவ்வேறாக எண்ணும் வழக்கம் எம்மவரிடையே வேரூன்றிவிட்டது. முன்னதைக் கலை என்போம். பின்னதைப் பாடசாலை விழாவுக்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோம். விழா நாளன்று பிள்ளையின் முகத்திற்கு ஒப்பனை செய்து, மேடையேற்றிக் கைதட்டிவிட்டு, மறுநாள் அந்த உடுப்போடு அக்கலையையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிடும் பெற்றோரே எம்மிற் பலர். இந்த எண்ணம் பொருந்துமா என்பதை மட்டக்களப்புக் கூத்தின் வரலாற்றை வைத்து இவ்வாரம் நோக்குவோம்.

நாம் வாழும் அமிர்தகழியை வெளியூர் அன்பர்கள் மாமாங்கேசுவரர் ஆலயத்தைக் கொண்டும், ஆடி அமாவாசைத் தீர்த்தத்தைக் கொண்டும் அறிவர். நாடகம் பயில்வோர் வேறொரு காரணத்தாலும் இவ்வூரை அறிவர். கூத்தனாகவும், நாடக ஆசிரியராகவும், ஆய்வாளராகவும் பெயர்பெற்ற பேராசிரியர் சி. மௌனகுரு 1943 ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் இது. அவருடைய சொந்த ஆக்கங்கள் எவை, மாணவரோடு செய்த ஆக்கங்கள் எவை என்று பிரித்துப் பார்க்க முற்படுவோர் இடர்ப்படுவர். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்திருக்கக் காண்கிறோம். அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின் கூத்துக் களரியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மட்டக்களப்புக் கிராமங்களிலே வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் வழங்குகின்றன. கூத்து ஒன்றை ஆடுவதென்று ஊர்ப் பெரியோர் தீர்மானித்ததும் அண்ணாவியாரை அழைப்பர். அவர் ஆளின் தோற்றத்தையும் குரலையும் பார்த்து, இன்னார்க்கு இன்ன பாத்திரம் என வகுப்பார். ஒவ்வொருவர்க்கும் உரிய பாட்டையும் வசனத்தையும் கொடுத்தலைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்பர். அதன்பின் மாதக்கணக்கில் ஆட்டம் பழகுதல் நடைபெறும். பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் உழைத்தவர்கள் இரவிலே களரிக்கு வந்து, மத்தளத்தின் சொற்கட்டுக்கு அடி வைத்துப் பழகுவர். கிழமைக் கூத்து, சதங்கை அணி விழா எனப் படிப்படியாக வளர்ந்து, ஒரு நாள் இரவு அரங்கேற்றம் நிகழும். விடியும்வரை ஆட்டம் நீளும். அரங்கேற்றம் முடிந்த பின்னர் வீடு வீடாகச் சென்று ஆடும் வழக்கமும் உண்டு.

இதனைப் பாடசாலை என்று கூறாமல் வேறு என்னென்று கூறுவது? ஆசிரியர் இருக்கிறார், பாடம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, பரீட்சையும் இருக்கிறது. எமது வகுப்பறைகளில் இல்லாத ஒன்றும் அங்கே இருக்கிறது. வட்டக் களரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஊரார் அனைவருமே பரீட்சகர்கள். பாட்டும் தாளமும் அறிந்த முதியவர் முன்னிலையில் ஓர் அடி தவறினாலும் மறைக்க இயலாது. கூத்தனின் திறமை அவனுடைய தனிச்சொத்தன்று; ஊரார் கொடுத்து, ஊரார் திருத்தி, ஊரார்க்கே மீளும் சொத்து.

இத்தகைய கலையைக் கற்றோர் நெடுங்காலம் படியாதார் கலை என்று புறக்கணித்தே வந்தனர். அந்நிலை மாறுவதற்கு வழிகோலியவர் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திரரின் ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம் 1956 நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பிலே அரங்கேறியது. கிராமத்து ‘நாடகம’ மரபைக் கொண்டு கற்றோரையும் கவரும் நாடகம் ஒன்றை ஆக்கலாம் என்பதை அது நிறுவியது. அந்த ‘நாடகம’ மரபோ தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்து வழியாகச் சிங்களவரிடம் சென்றது என்று ஆய்வாளர் கூறுவர். எமது வீட்டு விதை அயலார் வளவில் மரமாகி நிழல் தருவதைக் கண்ட பின்னரே எம்மவர் தம் வளவைத் திரும்பிப் பார்த்தனர் எனலாம்.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய வித்தியானந்தன் கூத்து நூல்களைப் பதிப்பித்ததோடு அமையவில்லை. பல்கலைக்கழக மாணவரையே கூத்தாட வைத்தார். ‘கர்ணன் போர்’ 1962 இலும், ‘நொண்டி நாடகம்’ 1963 இலும், ‘இராவணேசன்’ 1964 இலும், ‘வாலி வதை’ 1968 இலும் மேடையேறின. விடியும்வரை ஆடிய கூத்து ஒன்றிரண்டு மணி நேரத்துள் அடங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக் களரியை விட்டு, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு அது இடம்பெயர்ந்தது. ‘இராவணேசன்’ இராவணனைக் கொடியவனாகக் காட்டாது, தன் முடிவைத் தானே தேடிக்கொண்ட பெருவீரனாகக் காட்டியது. அப்பாத்திரத்தை ஏற்று ஆடியவர் அந்நாளில் மாணவராயிருந்த மௌனகுரு.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பேராசிரியருக்குக் கூத்தின் வரலாறு தெரியும். மேடையின் நுட்பம் தெரியும். ஆயினும் அடி எடுத்து வைக்கக் கற்பிப்பதற்கு அண்ணாவியார் ஒருவர் வேண்டியிருந்தது. வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையா பேராதனை மாணவருக்கு ஆட்டம் பயிற்றினார். பட்டதாரியாகப் போகும் இளைஞர்கள் கிராமத்துக் கலைஞர் ஒருவரைக் குருவாகக் கொண்டனர். அக்காலச் சமூக நிலையை எண்ணிப் பார்த்தால் இது சிறிய செய்தியன்று.

மாணவப் பருவத்து முயற்சி ஒரு கலைஞனின் சொந்த ஆக்கத்துக்கு எவ்வாறு வித்தாகிறது என்பதற்கு ‘சங்காரம்’ நல்ல சான்று. 1969 இல் மேடையேறிய அந்நாடகத்தில் மௌனகுரு வடமோடி ஆட்டத்தைக் கொண்டு புராணக் கதையை ஆடவில்லை. சாதி, வர்க்கம் முதலிய சமூகக் கொடுமைகளை அரக்கராக உருவகித்து, அவற்றை மக்கள் அழிப்பதாகக் காட்டினார். பேராதனையிற் பெற்ற பயிற்சி இல்லையேல் இத்துணிவு எழுந்திராது. பின்னர் அவர் பாடசாலை ஆசிரியராகவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளராகவும், கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கினார். அக்காலத்திற் சிறுவர்க்கென எழுதிய ‘தப்பி வந்த தாடி ஆடு’, ‘வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ ஆகிய நாடகங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆடவும் பாடவும் வழி செய்தன. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1998 இல் நூலாயிற்று. 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘இராவணேசனை’ மீண்டும் மேடையேற்றினார். அன்று மாணவராய் ஆடியதை இன்னொரு தலைமுறை மாணவருக்கு ஆசிரியராய் நின்று கொடுத்தார். அவர் இடைநிலைக் கல்வி பயின்ற வந்தாறுமூலை மத்திய கல்லூரி வளவிலேதான் 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வாறு கலைஞனும் பாடசாலையும் ஒன்றையொன்று வளர்த்தல் எமக்கு மட்டும் உரிய செய்தியன்று. வங்கக் கவி இரவீந்திரநாத் தாகூர் 1901 இற் சாந்திநிகேதனத்திற் பாடசாலை தொடங்கிய பின்னர், தம் மாணவர் நடிப்பதற்கென்றே பல நாடகங்களை எழுதினார். அவர்களோடு சேர்ந்து தாமும் நடித்தார். 1934 இல் அவர் இலங்கைக்கு வந்தபோது உடன் அழைத்து வந்தது சாந்திநிகேதனக் கலைக்குழுவையே. உலகம் போற்றும் கவிஞர் தம் எழுபத்து மூன்றாம் வயதிலே பாடசாலை நாடகத்தைத் தம்முடைய சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக எண்ணிக் கடல் கடந்து கொண்டுவந்தார் என்றால், அதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்க நாம் யார்?

எனினும் நாணயத்திற்கு மறுபுறமும் உண்டு. கூத்து பல்கலைக்கழக மேடைக்கு ஏறியதாற் புகழ் பெற்றது. அப்புகழ் பிறந்த ஊருக்கு மீண்டதா? நகரத்து மண்டபத்திற் சுருக்கிய கூத்தைக் கண்டு கைதட்டியவர்கள் கிராமத்துக் களரியை நாடிச் செல்லவில்லை. கிராமத்தவரோ, மண்டபத்துக் கூத்தே நாகரிகமானது, தம்முடையது பழையது எனக் கூசலாயினர். பின்னர் வந்த போர்க்காலத்திற் பல ஊர்களில் இரவிலே களரி கூட்டுதலே அரிதாயிற்று. இளைஞர் பலர் ஊரை விட்டு அகன்றனர். ஓர் அண்ணாவியார் கண்மூடும்போது ஏட்டில் எழுதப்படாத எத்தனையோ ஆட்ட நுட்பங்கள் அவரோடு மறைந்தன.

இக்குறையை உணர்ந்து வேறொரு வழியை நாடினோரும் மட்டக்களப்பில் உளர். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் சீலாமுனைக் கிராமத்தாரோடு சேர்ந்து மேற்கொண்ட ‘கூத்து மீளுருவாக்கம்’ அத்தகையது. கூத்தை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்து மேடைக்குக் கொண்டுபோவதை விடுத்து, ஊராரோடு அமர்ந்து, அவர்களுடைய களரியிலேயே, கதையில் மாற்ற வேண்டுவன எவை, பெண்பாத்திரங்களின் நிலை யாது என்று கலந்து பேசி ஆடுதல் அதன் முறை. படித்தவர் கற்பிக்க, படியாதவர் கேட்டிருத்தல் என்னும் ஒழுங்கு அங்கே செல்லாது. சிறுவர்களும் அதிற் பங்குகொண்டனர்.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்று அறிஞர் விவாதித்து வருகின்றனர். பேராதனை வழி இல்லையேல் கூத்து கற்றோர் கண்ணிற் பட்டிராது. கல்வி நிலையங்களில் அதற்கு இன்றுள்ள மதிப்பும் வாய்த்திராது. சீலாமுனை வழி இல்லையேல் கூத்து மண்டபத்துக் காட்சிப்பொருளாய் மட்டுமே எஞ்சும் ஆபத்து உண்டு. பாடசாலை ஊரிடமிருந்து ஒரு கலையைப் பெறுவதில் தவறில்லை. பெற்றதைத் திரும்பக் கொடுத்தல் வேண்டும் என்பதே எமது முடிபு. கடன் வாங்கியவன் வட்டியோடு திருப்பிக் கொடுப்பதை ஊரார் எதிர்பார்ப்பது போல, கலையை வாங்கிய கல்லூரியும் அதனை வளர்த்துத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டது.

இன்று போட்டி மேடைகளிற் கூத்துக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. ஒரு வரவு ஆட்டம், ஒரு சண்டை, கேடயம், கைதட்டல், அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்குத் தான் ஆடிய கதையின் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. தாளத்தின் பெயரும் தெரியாது. பழக்கிய அண்ணாவியாரின் பெயர் நிகழ்ச்சி நிரலிலே காணப்படாத விழாக்களும் உண்டு. மாதக்கணக்கில் மாலைதோறும் வந்து பயிற்றிய முதியவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்க, மேடையில் மாலை சூடுவோர் வேறாக இருத்தல் எமக்கு அழகன்று.

ஆதலாற் சில செயல்களைப் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் மேற்கொள்ளலாம். அவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. முதலாவது, அண்ணாவியாரின் பெயரை ஆக்கியோர் வரிசையில் முதலில் எழுதுக. இரண்டாவது, பாடசாலை மண்டபத்தில் ஆடிய கூத்தை ஒரு முறையேனும் அவருடைய ஊர்க் களரியில், அவ்வூரார் சூழ்ந்திருக்க ஆடுக. அங்கே கிடைக்கும் திருத்தம் எந்தப் போட்டி நடுவரிடமும் கிடைக்காது. மூன்றாவது, மாணவர் ஒவ்வொருவரும் தாம் பழகிய பாட்டு, தாளம், உடுப்பின் அமைப்பு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பாராக. அண்ணாவியாரின் குரலைப் பதிந்து வைக்கும் கருவி இக்காலத்தில் ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கிறது. அவருடைய இசைவைப் பெற்றுப் பதிவு செய்து, ஒரு பிரதியை அவர் வீட்டாரிடமும் கொடுத்தல் முறை.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. ‘கூத்தும் பாட்டும் சோறு போடுமா? படிப்புக் கெட்டுவிடாதா?’ என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. பரீட்சை நெருங்கும் காலத்தில் இரவு முழுதும் ஆட்டம் பழகு என்று எவரும் பிள்ளையை வற்புறுத்தார். ஆயினும் பத்துப் பேரோடு சேர்ந்து ஒரே தாளத்தில் அடி வைக்கக் கற்ற பிள்ளை, பிறருக்குக் காத்திருக்கவும், தவறினால் மீண்டும் தொடங்கவும், தன்னினும் படிப்புக் குறைந்த ஒருவரைக் குருவென வணங்கவும் கற்றுக்கொள்கிறது. இப்பண்புகளைப் புத்தகத்தை மட்டும் கொண்டு கற்பிக்க இயலாது என்பது கல்லூரியிலே கற்பிக்கும் எமது அனுபவம்.

அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரில் மத்தளம் அறிந்த முதியவர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தாற் பிள்ளைகளை அழைத்துச் சென்று, வெற்றிலைத் தட்டு வைத்து வணங்கி, ஒரு தாளக்கட்டையாவது கேட்டுப் பழகச் செய்யுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டல் நன்று.