பிடிக்காத புத்தகம் எது?

டிசம்பர் வந்தால் பத்திரிகைகளில் 'ஆண்டின் சிறந்த நூல்கள்' பட்டியல் வந்துவிடும். நவி மும்பையின் வாஷியில் இருக்கும் தமிழ் வாசகருக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கடையில் நின்று நாலு பக்கம் புரட்டிப் பார்க்கும் வசதி அவருக்குக் குறைவு. ஊருக்குப் போகும்போது வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் பெயரை நம்பித் தபாலில் வரவழைக்க வேண்டும். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி படிக்கும் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதல் தமிழ்ப் புத்தகமே அறுவை என்றால், இரண்டாவதைத் தொடாது.

ஆகவே, படித்துவிட்டுச் சொல்ல ஆள் வேண்டும். இதை ஒழுங்காகச் செய்துகாட்டியது சென்னையில் 1970-இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை'. மாதந்தோறும் ஒருவர் பத்திரிகைச் சிறுகதைகளைப் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டத்தில் காரணம் சொல்வார். அப்படித் தேறிய 12 கதைகளில் ஒன்று ஆண்டின் சிறந்த கதை.

இதில் மும்பைக்கும் பங்கு உண்டு. 1975-இல் பம்பாயில் வேலை பார்த்த ஓர் இளைஞரின் முதல் கதை 'விரதம்', 'தீபம்' இதழில் வந்தது. அந்த மாதத்தின் சிறந்த கதை அதுவே என்றது இலக்கியச் சிந்தனை. அந்த இளைஞர் நாஞ்சில் நாடன். சாகித்திய அகாதெமி அவரைக் கண்டுகொண்டது 2010-இல்.

ஆனால் தேர்வு என்பது பாதி வேலைதான். தேறாதது எது, ஏன் என்பது மறு பாதி. ஆங்கில வாசகர் குழுக்கள் சில, ஆண்டு முடிவில் இரண்டையும் கேட்கின்றன. தமிழில் வெளியீட்டு விழா என்றாலே பொன்னாடைதான். நல்ல எழுத்தாளர்கள் என்று பட்டியல் போட்டதற்கே க.நா.சு. வாங்கிய வசவு கொஞ்சமல்ல. பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

வாஷிக்கு வரலாம். சென்னையிலிருந்து தொலைவில் இருப்பது இங்கே குறையல்ல, சௌகரியம். முன்வரிசையில் நூலாசிரியர் இருக்க மாட்டார்; பதிப்பாளரும் இருக்க மாட்டார். பத்துப் பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று என்று சொன்னால் போதும். நிபந்தனை ஒன்றுதான்: கடைசிப் பக்கம்வரை படித்திருக்க வேண்டும். ஒருவருக்குப் பிடித்ததே இன்னொருவருக்குப் பிடிக்காமல் போனால் இன்னும் நல்லது. அந்தப் புத்தகத்தை மற்ற எட்டுப் பேரும் தேடிப் படிப்பார்கள்.