நாவுக்கும் நீதிக்கும் நடுவே ஒரு வாழ்வு

 

நம் இல்லங்களில் மகனோ மகளோ சட்டம் பயில விரும்புவதாகச் சொன்னால், பெரியவர்களின் முகத்தில் ஒரு தயக்கம் படர்வதைக் கண்டிருப்பீர்கள். பொய்யை மெய்யாக்கிப் பிழைக்கும் தொழில் நமக்கு எதற்கு என்பார்கள். அந்தத் தயக்கத்தை எளிதில் ஒதுக்கிவிடவும் இயலாது. வாதத் திறமையால் தீர்ப்பைத் தன் பக்கம் திருப்பி, தன் சகோதரனுக்குரிய உரிமையைப் பெற்றுக்கொள்பவன் நெருப்பின் ஒரு துண்டையே பெறுகிறான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அவ்வாறாயின், இறையச்சமுடைய ஒருவர் வழக்கறிஞராக வாழ இயலுமா? இக்கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்வை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம். அவர்தாம் பத்ருத்தீன் தயாப்ஜி.

1844ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா வணிகக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்கு ஊறு செய்யும் என்று முஸ்லிம்களில் பலர் அஞ்சி ஒதுங்கியிருந்த காலம் அது. தந்தையார் முல்லா தையப் அலியோ தம் மக்களைக் கடல் கடந்து அனுப்பிப் படிக்க வைத்தார். மூத்தவர்களுள் ஒருவரான கமருத்தீன் இங்கிலாந்தில் சொலிசிட்டராகத் தேறித் திரும்பினார். 1860ஆம் ஆண்டில் பத்ருத்தீனும் லண்டன் சென்று கல்வியைத் தொடர்ந்தார். ஆனால் கண்பார்வை குன்றியதால் 1864இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. அவர் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டே மீண்டும் பயணப்பட்டு, 1867இல் பாரிஸ்டர் ஆனார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் நடத்திய முதல் இந்திய பாரிஸ்டர் அவரே. அதுவரை அங்கே அந்த இடம் முழுவதும் ஆங்கிலேயர்களுக்கே உரியதாய் இருந்தது.

பிற்காலத்தில் காந்தியடிகள் பம்பாயில் தொழில் தொடங்கி, வழக்கின்றித் தவித்த நாள்களைத் தம் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். தயாப்ஜியின் வாதத் திறம் நீதிபதிகளையே மலைக்கச் செய்வது என்று அப்போது நண்பர்கள் சொல்லக் கேட்டதாக அதில் எழுதுகிறார். இத்தகைய நாவன்மையை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

தொழிலில் பொருளும் புகழும் வந்தபோது அவர் தம் சமுதாயத்தை மறந்துவிடவில்லை. 1874இல் அண்ணன் கமருத்தீனுடனும் வேறு பெரியோர்களுடனும் சேர்ந்து அஞ்சுமனே இஸ்லாம் என்னும் அமைப்பை நிறுவினார். 1880இல் அதன் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. இன்றும் மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்துக்கு எதிரே அதன் கட்டடம் கம்பீரமாக நிற்கிறது. தம் பெண்மக்களையும் அவர் பள்ளிக்கு அனுப்பினார். உற்றார் என்ன சொல்வரோ என்று எல்லாரும் தயங்கிய காலத்தில் அவர் செய்த செயல் இது.

சென்னை மண்ணுக்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. 1887 டிசம்பரில் இந்திய தேசியக் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியது. 607 பிரதிநிதிகள் கலந்துகொண்ட அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் தயாப்ஜியே. காங்கிரஸுக்குத் தலைமை ஏற்ற முதல் முஸ்லிம் அவர். பொது நன்மைக்கான காரியங்களில் முஸ்லிம்கள் பிற சமூகத்தாரிடமிருந்து ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்று அங்கே வாதிட்டார். சர் சையது அகமது கான் போன்ற பெருமக்கள் இதை ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு கடிதங்களில் வளர்ந்தது. ஆயினும் தயாப்ஜி மரியாதை குன்றாமலே மறுமொழி எழுதினார். அதே வேளையில், இந்துப் பிரதிநிதிகளோ முஸ்லிம் பிரதிநிதிகளோ ஒருமித்து எதிர்க்கும் பொருளைக் காங்கிரஸ் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியும் அவருடைய முயற்சியால் 1888இல் ஏற்கப்பட்டது. ஒற்றுமையை வேண்டியவர் தம் சமுதாயத்தின் அச்சத்தையும் எடுத்துச் சொல்லத் தவறவில்லை.

1895இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. 1897 ஜூலையில் பால கங்காதர திலகர் இராஜ துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். கீழ் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மறுத்தனர். மனு மீண்டும் வந்தபோது எதிரே அமர்ந்திருந்தவர் தயாப்ஜி. அரசாங்கமோ கடுங்கோபத்தில் இருந்தது. திலகரின் அரசியல் வழி வேறு, தயாப்ஜியின் வழி வேறு. முன்னவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று சொல்லி அவரும் மறுத்திருந்தால், கேட்பார் யாருமில்லை.

ஆனால் அவர் சட்டத்தை மட்டுமே பார்த்தார். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்கு வந்து நிற்பாரா என்பதே ஜாமீனுக்குரிய கேள்வி. சிறையில் அடைபட்டுக் கிடப்பவர் தம் தரப்பைச் சரிவர ஆயத்தம் செய்ய இயலாது. நாளை அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானால் சிறையில் கழிந்த நாள்களுக்கு ஈடு எது? இவ்வாறு ஆராய்ந்து ஜாமீன் வழங்கினார். பின்னர் வேறொரு நீதிபதியின் முன் விசாரணை நடந்து, திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதனால் தயாப்ஜியின் ஆணை பிழையாகிவிடாது. தீர்ப்புக்கு முன் தண்டனை இல்லை என்பதை அவர் காத்தார்.

இங்கே ஒரு நிகழ்ச்சி நெஞ்சைத் தைக்கிறது. அன்று திலகருக்காக ஜாமீன் கேட்டு வாதாடியவர் தின்ஷா தாவர். 1908இல் அதே திலகர் மீண்டும் கைதானபோது, நீதிபதி ஆசனத்தில் இருந்தவர் அதே தாவர்! அவர் ஜாமீன் மறுத்தார். வழக்கறிஞராய் நின்று சொன்ன நியாயத்தை நீதிபதியாய் அமர்ந்த பின்னும் காப்பது எவ்வளவு அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தமக்கும் தம் சுற்றத்துக்கும் பாதகமாக முடிந்தாலும் நீதியில் உறுதியாய் நிற்குமாறு திருமறையின் அன்னிஸா அத்தியாயம் (4:135) கட்டளையிடுகிறது. பிடித்தவருக்கு நீதி வழங்க எவராலும் இயலும். தம் வழிக்கு மாறுபட்டவருக்கும் அதை வழங்குவதே அவ்வசனத்தின் சோதனை.

1902இல் பம்பாயின் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றினார். அப்பொறுப்பை வகித்த முதல் இந்தியர் அவர். 1903இல் முஸ்லிம் கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1906 ஆகஸ்ட் 19 அன்று லண்டனில் இறையடி சேர்ந்தார். அவருடைய மகன் பைஸ் தயாப்ஜி எழுதிய முஸ்லிம் சட்ட நூல் வழக்கறிஞர்களுக்குத் துணை நூலாயிற்று. அண்ணன் மகன் அப்பாஸ் தயாப்ஜி, நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1930இல் காந்தியடிகள் கைதானபின், 76 வயதில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குத் தலைமை ஏற்றுச் சிறை சென்றார்.

அன்புப் பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சட்டம் பயில விரும்பினால் தடுக்காதீர்கள். பொய் சொல்லும் சந்தர்ப்பம் வணிகத்தில் இல்லையா? அலுவலகத்தில் இல்லையா? வாடகை கொடுக்க இயலாத ஏழையும், மஹர் கேட்டு அலையும் பெண்ணும், குற்றம் நிரூபிக்கப்படாமலே சிறையில் வாடும் இளைஞனும் ஒரு நேர்மையான நாவை எதிர்பார்த்து நிற்கிறார்கள். நல்லவர்கள் ஒதுங்கிக்கொண்டால் அவர்களுக்காகப் பேசுவது யார்? பிள்ளையை அனுப்புங்கள். அனுப்பும்போது நெருப்புத் துண்டின் எச்சரிக்கையையும் அவன் நெஞ்சில், அவள் நெஞ்சில் பதித்து அனுப்புங்கள்.

அல்லாஹ் நம் மக்களை நீதியின் பக்கம் நிற்பவர்களாக ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.