இறந்தோர் ஈயும் மூச்சு

உணவின்றிச் சில வாரமும் நீரின்றிச் சில நாளும் உயிர் தாங்கலாம். மூச்சின்றிச் சில நிமிடந் தாங்குதலும் அரிது. அம்மூச்சு போய்வரும் பெருவழியோ ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நீளமேயுள்ள ஒரு குழாய். வாதனாளி என்று எம் மாணவர் விஞ்ஞான பாடத்திற் படிப்பது இதனையே. புற்றுநோயாலோ விபத்தாலோ இக்குழாயின் ஒரு பகுதி கெடுமாயின், அதனை அறுத்தெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பர். வளர்ந்தவரிற் பாதியளவு வரை இவ்வாறு செய்தல் கூடும். அதற்கு மேற் கெட்டால் வேறொரு குழாய் வேண்டும்.

இதயத்தையும் ஈரலையும் மாற்றி வைத்த சத்திர வைத்தியர்கள் இச்சிறு குழாயின் முன் நெடுங்காலம் தயங்கி நின்றது ஏன்? சிறுநீரகம் ஒரே மதகினால் நீர் பாயும் வயல் போன்றது. அதன் நாடியையும் நாளத்தையும் இணைத்துவிட்டாற் குருதி ஓடும். வாதனாளிக்கு அத்தகைய மதகு இல்லை. மிக நுண்ணிய நாடிகள் பல பக்கங்களிலிருந்தும் வந்து அதற்குக் குருதி ஊட்டுகின்றன. அவை அறுந்தாற் புதிதாக வைத்த குழாய் அழுகிப்போம்.

இவ்விடரைக் கடக்க அறிஞர் பலர் முயன்றனர். பெல்ஜியத்தின் லூவன் நகரிற் பியர் டெலேர் என்பவர் 2008-ஆம் ஆண்டில், இறந்தவர் ஒருவரின் வாதனாளியை முதலில் நோயாளியின் முன்கையிற் பொதித்து வைத்தார். மாதங்கள் கழிந்து, அங்கே குருதிக் குழாய்கள் படர்ந்த பின்னரே அதனைக் கழுத்துக்கு மாற்றினார். நாற்று மேடையில் வேர்விட்டதை வயலுக்குப் பெயர்த்தாற் போன்ற இப்பொறுமையை யாம் பெரிதும் வியக்கின்றோம். பாரிசில் எமானுவேல் மார்த்தினோ குழுவினர், சுழியத்துக்குக் கீழ் 80 பாகைக் குளிரிற் பேணப்பட்ட பெருநாடித் துண்டுகளை மூச்சு வழியில் வைத்து, அவ்வாறு சிகிச்சை பெற்ற 13 பேரின் நிலையை 2018-இல் வெளியிட்டனர். நியூயோர்க்கில் எரிக் ஜெண்டன் குழுவினர் 2021 சனவரியிற் குருதிக் குழாய்களோடு கூடிய வாதனாளியையே பொருத்தினர். உயர் அழுத்த அறையில் நோயாளியை இருத்தித் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்யும் முறையும் உண்டு. ஆழ்கடலிலிருந்து விரைந்தெழுந்து முடங்கிய சுழியோடிகளுக்குச் செய்யும் சிகிச்சையே அது. குருதியில் மிகுதியாகக் கரையும் ஒட்சிசன், ஓட்டங் குன்றிய இழையத்துக்கு ஓரளவு துணை செய்யும், குருதிக்கு ஈடாகாது.

இத்துறையிற் பெருங்களங்கமும் நேர்ந்தது. பாவுலோ மக்கியரினி என்பவர் 2008-இற் பார்சிலோனாவிற் செய்த சிகிச்சையைப் புதினத்தாள்கள் வானளாவப் புகழ்ந்தன. பின்னர் ஸ்டொக்ஹோமில் அவர் செயற்கைக் குழாய் பொருத்திய மூவரும் மாண்டனர். 2023-இற் சுவீடனின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தது. பார்சிலோனா பற்றிய கட்டுரையையும் ‘லான்செற்’ இதழ் அவ்வாண்டே மீளப்பெற்றது. அவரைத் தொடக்கத்திலேயே ஐயுற்றவருள் முன்சொன்ன டெலேரும் ஒருவர். ஆதலின், புதுமை என்றவுடன் கைதட்டுவோர் வரிசையில் யாம் நிற்கமாட்டோம். வாதனாளி மாற்றம் இன்னும் ஆராய்ச்சியே. அஃது அறத்தோடும் கண்காணிப்போடும் நடத்தல் வேண்டும்.

ஆயினும், முன்கையில் வேர்விட்ட குழாயும் குளிரிற் பேணிய நாடியும் எங்கிருந்து வந்தன? இறந்தார் ஒருவரின் சுற்றத்தார் உரிய நேரத்தில் இசைந்தமையாலன்றோ? இவ்விசைவுக்கு உலகம் போற்றும் எடுத்துக்காட்டு நம் கொழும்பிலேயே உண்டு. ஹட்சன் சில்வா மருத்துவ மாணவராயிருந்தபோதே கண்தானம் வேண்டிப் பத்திரிகையில் எழுதினார். 1961-இற் கண்தான சங்கத்தை நிறுவினார். 1964-இல் இலங்கையரின் கண்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. பின்னர்ப் பல தேசங்களுக்குஞ் சென்றன. 1996-இல் மனித இழைய வங்கியும் தோன்றிற்று. எலும்பு, தோல், பனிக்குடச் சவ்வு முதலியவற்றைக் கதிர்வீச்சினாற் கிருமி நீக்கிப் பேணுவது அதன் பணி. இக்கொடைக்கு 1987-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம் இடந்தருகின்றது.

சகோதர பௌத்தர்கள் தானம் என்னும் பாரமிதையாகக் கொண்டு இதனைச் செய்து வருகின்றனர். நாமோ? தன் கண்ணைத் தானே அகழ்ந்து அப்பிய கண்ணப்பரை ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கின்றோம்; வச்சிராயுதத்துக்கு முதுகென்பு ஈந்த ததீசியைப் புராணபடனத்திற் கேட்கின்றோம். வீட்டில் மரணம் நேர்ந்தாலோ, உறுப்புக் குறைந்தால் மறுபிறப்பிற் குறை நேருமென அஞ்சுகின்றோம். உயிரோடு செல்வது நுண்ணுடம்பே என்பது சைவ சித்தாந்தம். பருவுடம்பைப் பொரளைக் கனத்தையில் எரித்துச் சாம்பலைக் கடலிற் கரைப்பவரும் நாமே.

பிறிதொரு விந்தை. ரொறன்ரோவிலிருந்து மகன் வரும்வரை உடலை மலர்ச்சாலையில் நான்கு நாள் மருந்திட்டுக் காக்கின்றோம். கண்ணெடுக்கச் சில மணிக்குள் ஒருவருக்குத் தொலைபேசுவதற்கு மட்டும் நமக்கு நேரமில்லை.

இதனைப் பிறர்மேல் வைத்துச் சொல்கின்றோமல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் எம் மூத்த ஆசிரிய நண்பர் ஒருவர் காலமானார். கண்தானப் படிவத்தில் ஒப்பமிட்டதைக் கொட்டாஞ்சேனைக் கோயில் வீதியில் நடந்துவரும்போது எம்மிடம் சொல்லியிருந்தார். செய்தி கேட்டு ஒரு மணிக்குள் அவர் இல்லத்தில் இருந்தோம். அழுகுரலுக்கிடையே அதனை எடுத்துரைக்க நா எழவில்லை. ‘மூத்த மகன் வரட்டும்’ என்று எமக்குள்ளே சாக்குச் சொல்லிக்கொண்டோம். அந்தியேட்டியன்று அவர் துணைவியார், நிகண்டுப் பிரதிக்குள் இருந்ததென்று அப்படிவத்தைக் கொணர்ந்து, “மாஸ்டர், இது உங்களுக்குத் தெரியுமோ?” என்று கேட்டார். தெரியும் என்றோம். அவர் மேலொன்றும் கேட்கவில்லை.

இவ்விழா ஆண்டிற் பழைய மாணவர் சங்கத்தார் பொதுக்கூட்ட வாயிலில் ஒரு மேசையிட்டுப் படிவங்களை வைக்கலாம். ஒப்பமிடுவோர் அதனைப் புத்தகத்துள் வையாது, வீட்டார் அனைவர்க்கும் காட்டி, தொலைபேசிக்கருகே தொங்கவிடுக. சாட்சிக் கையொப்பம் வேண்டுவோர்க்கு யாம் அம்மேசையருகே இருப்போம்.