எங்கள் "ஏரியா" எது?

ஒரு பத்திரிகையிலிருந்து எனக்கு வருடத்துக்கு மூன்று நான்கு முறை போன் வரும். ஏப்ரல் 14-க்கு முன்னால் ஒன்று, டிசம்பர் 6-க்கு முன்னால் ஒன்று. எங்காவது ஆணவக்கொலை நடந்தால் அன்று இரவே ஒன்று. "காலைக்குள்ள எண்ணூறு வார்த்தை வேணும்ங்க."

போன வருடம் நானாகவே எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதி அனுப்பினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது உங்க ஏரியா இல்லையே" என்றார்கள். அந்தக் கண்மாயில்தான் நான் நீந்தக் கற்றேன்.

"எழுதணும்னு ஆசையா இருக்குக்கா, ஆனா எனக்கு அந்தத் திறமை இல்ல" என்று சொல்லும் தம்பி தங்கைகளுக்காகவே இதை எழுதுகிறேன். படைப்பாற்றல் பிறவியில் வருவதென்பது, தகுதி பிறப்பில் வருகிறது என்று சொன்னவர்களின் கதைதான். வீட்டில் புத்தக அலமாரியும், கதவு சாத்திக்கொள்ள ஓர் அறையும், சம்பாதிக்காமல் இருக்கச் சில வருடங்களும் கிடைத்தவர்கள் அதற்கு வைத்துக்கொண்ட பெயர் திறமை.

நம்முடைய எழுத்து மரபு சின்னது அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசர் சித்த மருத்துவர். வரலாறு, பௌத்தம், குறளுக்கு உரை என்று எல்லாவற்றையும் எழுதினார். உன் ஏரியா இதுதான் என்று யாரும் கோடு போட அவர் விடவில்லை. 1992-இல் வந்த பாமாவின் 'கருக்கு' அவமானத்தை மட்டுமா சொல்கிறது? ஊரின் அழகும் பிள்ளைகளின் விளையாட்டும் அதில் இருக்கின்றன.

அப்படியானால் வன்கொடுமையைப் பற்றி எழுத வேண்டாமா? கட்டாயம் எழுத வேண்டும். நாம் எழுதாவிட்டால் அது செய்தியாகக்கூட வராது. ஆனால் அவர்களின் நாட்காட்டிக்கு மட்டும் எழுதினால் என்ன ஆகும்? என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றில் ஏறக்குறைய ஒரே பத்தி இருந்தது. செத்தவர்களின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அன்றைக்குத்தான் பயந்தேன்.

அதன்பிறகு மூன்று பழக்கங்களைப் பிடித்துக்கொண்டேன். முதலாவது, அரிசிக்கு எழுத்தை நம்புவதில்லை. களப்பணிச் சம்பளம் இருப்பதால்தான் ஒரு கட்டுரையை மறுக்க முடிகிறது. இரண்டாவது, யாருக்கும் அனுப்பாத ஒரு நோட்டு. கணக்கெடுப்பில் வயது கேட்டபோது ஒரு பாட்டி, "பெரும்புயல் வந்தப்ப எனக்கு ரெண்டு புள்ள" என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நோட்டில் இடம் இருந்தது. மூன்றாவது, ஒப்புக்கொள்ளும் முன் "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பது. "சமூகத்துக்காகத்தானே" என்பார்கள். அச்சகத்துக்காரரிடம் அப்படிச் சொல்வார்களா?

அடுத்த முறை போன் வந்தபோது, "இதை எழுதித் தர்றேன், அடுத்த மாசம் கண்மாயைப் போடுங்க" என்றேன். "பார்க்கலாம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன், இரண்டையும். நீங்களும் இன்று இரவு ஒரு பக்கம் எழுதுங்கள். யாரும் கேட்காத ஒன்றை எழுதுங்கள்.

ஜெய்பீம்.