‘மாவட்டத்துக்குள்’ என்னும் வேலி

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைப் பாடம் நடத்துகையில் அதன் இறுதிக் குறளில் சற்று நேரம் நின்றுவிடுவது நம் வழக்கம். மருத்துவத்தை வள்ளுவர் அங்கே நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவன். வரிசையில் முதலிடம் நோயுற்றவனுக்கு. மனநோய்க்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் அரசு தரும் உதவிகளை எண்ணிப் பார்க்கும்போது இவ்வரிசை தலைகீழாகக் கிடப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. சான்றிதழ் உண்டு, உதவித்தொகை உண்டு, முகாம் உண்டு. தமக்கு எந்த உளவியலாளர் வேண்டும் என்று நோயுற்றவரோ பெற்றோரோ சொல்வதற்கு மட்டும் இடமில்லை.

‘உளவியலாளர் ஒருவர் கிடைப்பதே அரிதாயிருக்க, தேர்ந்தெடுப்பது வேறா?’ என்று கேட்போர் உண்டு. காய்ச்சலுக்கு மருந்தெழுதுபவர் நம் மொழியை அரைகுறையாக அறிந்திருந்தாலும் மாத்திரை தன் வேலையைச் செய்துவிடும். உளவியலாளருக்கோ பேச்சே கருவி. நாம் வாழும் நீலகிரியில் அப்பேச்சு ஒன்றன்று. படகர் வீடுகளில் படக மொழி. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்து டான்டீ தோட்டங்களில் குடியமர்ந்தோரிடம் மலையகத் தமிழ். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம். தோடர், கோத்தர், பணியர் முதலான பழங்குடியினருக்குத் தத்தம் மொழி. பழகாத மொழியில் அறிவுத்திறன் சோதனைக்கு உட்படுத்தப்படும் குழந்தை, தன் உண்மை நிலையினும் தாழ்ந்த எண்ணைப் பெற்றுவிடக்கூடும். அவ்வெண்ணைக் கொண்டு கணிக்கப்படும் விழுக்காடே சான்றிதழில் ஏறுகிறது. 40 விழுக்காடு என்னும் எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்பதைப் பொறுத்தே பல உதவிகளும் அமைகின்றன. ஆகவே யாரிடம் செல்வது என்பதை ஆடம்பரக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

சட்டம் இதனை அறவே மறந்துவிட்டது என்று சொல்வதும் நியாயமாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களுள் மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குறைந்தபட்ச மனநலச் சேவைகள் ஒரு மாவட்டத்தில் இல்லையெனில், நோயுற்றவர் அம்மாவட்டத்துக்குள் உள்ள வேறு எந்த மனநலச் சேவையையும் நாடலாம். செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது அதன் 18ஆம் பிரிவு. அரசுப் பணத்தில் தனக்குரியவரை நாடிச் செல்லும் உரிமைக்கு இது ஒரு வாயில்தான்.

ஆனால் ‘மாவட்டத்துக்குள்’ என்னும் அச்சொல்லைக் கவனியுங்கள். சமவெளியின் பெருநகர் கொண்ட மாவட்டத்துக்கு அது தடையாவதில்லை. ஆறு வட்டங்களைக் கொண்ட இச்சிறு மலை மாவட்டத்துக்கோ அதுவே வேலியாகிவிடுகிறது. இங்கில்லாத சேவையைத் தேடுவோர் இறங்குவது கோவைக்கு. மேலும் இச்சட்டத்தின் ‘மனநோய்’ வரையறைக்குள் அறிவுசார் குறைபாடு வருவதில்லை. அக்குழந்தைகளின் பெற்றோர்க்கு இவ்வாயிலும் இல்லை.

அவர்களுக்கென இருப்பது தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. பயிற்சிச் சிகிச்சைகளும் அதில் அடங்கும். குறிப்பிட்ட மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நல்ல திட்டம். எனினும் முதலில் கைப்பணத்தைச் செலவிட்டு, ரசீதுகளை அனுப்பி, பிறகு பெற்றுக்கொள்ள வேண்டும். பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு கோவை சென்றுவர ஒரு நாள் முழுதும் போய்விடும். அன்றைய கூலி இல்லை. பேருந்துக் கட்டணம் இருவருக்கு. உளவியலாளரின் கட்டணம் தனி. மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட பராமரிப்பு உதவித்தொகை இதில் எத்தனை நாளைக்குத் தாங்கும்? முன்பணம் இல்லாதவர்க்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏட்டில் மட்டுமே இருக்கும்.

ஈழத்தமிழர் பலர் குடியேறியுள்ள ஆஸ்திரேலியாவில் 2013இல் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. தகுதி பெற்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிதி ஒதுக்கி, உளவியலாளர் உட்பட சேவை தருவோரை அவரே தேர்ந்துகொள்ள அது வழிவிடுகிறது. ஆயினும் தொலைதூரச் சிற்றூர்களில் நிதி இருந்தும் சேவை தர ஆளில்லை என்னும் குறை அங்கும் உண்டு. பணத்தோடு ஆளும் வழியும் வேண்டும் என்பதே நமக்கு அதில் பாடம்.

தேர்வுக்கு இடமில்லாதபோது குடும்பங்கள் திறந்திருக்கும் கதவை நோக்கிச் சென்றுவிடுகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தீயில் மாண்ட 28 பேரை அங்கே கொண்டுவிட்டோர் அனைவரும் அன்பற்றவர் அல்லர். வேறு கதவு அறியாதவர்.

வாய்ப்பு அமையும் பெற்றோர் சிலவற்றை மனத்தில் இருத்துவது நன்று. மருந்தெழுதுபவர் மனநல மருத்துவர். சோதனையும் பேச்சுவழிச் சிகிச்சையும் மருத்துவ உளவியலாளரின் பணி. அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவராயிருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. ‘ஆலோசகர்’ என்னும் பலகையை மட்டும் கண்டு நம்பிவிடலாகாது. எந்த மொழியில் சோதிப்பார், எத்தனை அமர்வு, எதை எதிர்பார்க்கலாம் என்பவற்றை முதல் நாளே கேட்டுவிடலாம். ஒத்துவராதபோது வேறொருவரிடம் செல்வதும் நோயுற்றவரின் உரிமையே. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண் தமிழிலும் பேசும். முதல் வழிகாட்டலுக்கு அது உதவும், குழந்தையை நேரில் சோதிப்பதற்கு ஈடாகாது.

அரசிடம் நாம் வேண்டுவன மூன்று. மலை மாவட்டத்தாருக்கு அண்டை மாவட்டச் சேவையின் செலவையும் ஏற்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உடையோர்க்கும் அது பொருந்த வேண்டும். ரசீதுக்குப் பின் பணம் என்பதை மாற்றி, பயணச் செலவும் உடன்செல்பவரின் கூலியிழப்பும் சேர்த்து முன்கூட்டியே தர வேண்டும். பதிவு பெற்ற உளவியலாளர் பட்டியலை, அவரவர் அறிந்த மொழிகளோடு, ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். மூன்றாவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் சிறிது பசையும் போதும். அதிலிருந்தேனும் தொடங்கலாம்.