புறாத்தீவில் ஒரே நேரத்தில் எத்தனை பேர்?

சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் சேவை 2023 ஜூன் மாதத்தில் தொடங்கியபோது, அம்பாந்தோட்டை, காங்கேசன்துறை ஆகியவற்றோடு திருகோணமலையும் அதன் பயணத்திட்டத்தில் இடம்பெற்றது. போரில் முடங்கிக் கிடந்த கிழக்குக் கரைக்கு இது நல்ல செய்தி. கப்பல்கள் வரட்டும், இன்னும் அதிகமாகவே வரட்டும். ஆனால் அவற்றிலிருந்து இறங்குவோரில் எத்தனை பேரை ஒரே நேரத்தில் புறாத்தீவின் முருகைக்கற்களுக்கு நடுவே விடலாம் என்பதற்குக் கண்டிப்பான வரம்பு வேண்டும். அடுத்த பருவம் தொடங்கும் முன்னரே அது அறிவிக்கப்பட வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

திருகோணமலையை அடுத்த நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புறாத்தீவு. இங்குள்ள இரண்டு தீவுகளில் பெரியதே சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான். மாடப்புறாக்கள் கூடுகட்டும் இந்தப் பாறைத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கே முருகைக்கற்கள் கரையை ஒட்டியே இருக்கின்றன. ஆழ்கடலில் மூழ்கத் தெரியாதவர்கூட முகக்கண்ணாடி அணிந்து குனிந்தால் போதும். கிளிமீனையும் செட்டை நுனி கறுத்த சுறாவையும் பார்த்துவிடலாம். தீவுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அழிவு தேடித் தருவதும் இந்த எளிமைதான். ஆழமில்லாத நீரில் தடுமாறுகிறவர் காலூன்றும் இடம் உயிருள்ள முருகைக்கல்லாக இருந்துவிடுகிறது. ஒரு மிதியில் நொறுங்கும் கிளை மீண்டும் வளரப் பல வருடங்கள் செல்லும். பாறைபோல் திரண்டு வளரும் இனங்களோ வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது.

ஹோட்டலில் தங்குபவருக்கும் கப்பலில் வருபவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னவர் இன்று கூட்டமென்றால் நாளைக் காலை போவார். பின்னவருக்கு நாளை என்பது கிடையாது. மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும். அதனால் பஸ்கள் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாக நிலாவெளி சேர்ந்து, படகுகளும் ஒன்றாகவே தீவில் ஒதுங்குகின்றன. சென்னையிலிருந்து வந்த கப்பல் 1,500 பேருக்கு மேல் ஏற்றக்கூடியது. அதில் பத்தில் ஒரு பங்கினர் மட்டும் புறாத்தீவைத் தேர்ந்தெடுத்தாலும் 150 பேர். வழக்கமாக வரும் உள்ளூர்க் கூட்டத்தோடு இவர்களும் அதே இரண்டு மணி நேரத்தில், அதே சிறு கரையில் இறங்கினால் என்ன ஆகும்?

காலமும் சாதகமாக இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரைதான் அமைதி. கப்பலும் உள்ளூர்ச் சுற்றுலாவும் அதே சில மாதங்களில் மோதுகின்றன. உலகளாவிய நான்காவது முருகைக்கல் வெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கடல் சூடாவதை நிலாவெளியால் தடுக்க முடியாது. வெப்பத்தில் நலிந்திருப்பதைக் காலால் மிதிக்காமல் காப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

உலகம் இதற்கு வழி கண்டிருக்கிறது. அந்தாட்டிக்காவில் 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் கரையிறக்க முடியாது. சிறிய கப்பல்களும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறக்கக்கூடாது. எக்குவடோரின் கலாபகோஸ் தீவுகளில் 16 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம். அங்கே வெளிநாட்டவருக்கான பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டொலரிலிருந்து 200 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் தீவுகளைக் காப்பது கட்டணம் மட்டுமல்ல. பணமுள்ளவரின் காலும் முருகைக்கல்லை நொறுக்கும். தலைகளை எண்ணும் விதிதான் அதைத் தடுக்கும்.

வரம்பு விதித்தால் நிலாவெளிப் படகோட்டிகளின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான், போரையும் 2022 இன் பொருளாதார நெருக்கடியையும் தாங்கிய குடும்பங்கள் அவை. ஆனால் கப்பற்பயணி உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே. ஊரில் அவர் விட்டுச்செல்லும் காசு கொஞ்சம். பருவம் முழுதும் வரும் விருந்தினர்தான் படகோட்டியின் நிரந்தர வருமானம். முருகைக்கல் செத்த தீவுக்கு அவர்கள் ஏன் படகேற வேண்டும்? வரம்பு படகோட்டியின் முதலைத்தான் காக்கிறது.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. கப்பல் சென்னையில் புறப்படும் முன்பே புறாத்தீவுக்கான இடங்கள் நேரம் பிரித்து ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கீடு பெற்ற பயணி மிதவை அங்கி அணிந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் மட்டுமே நீரில் இறங்கலாம். படகுப் பயணங்கள் படகோட்டிகள் சங்கத்தின் முறைவரிசையில் பகிரப்படட்டும். மற்றவர்களுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லையா என்ன? சென்னையிலிருந்து வருவோரில் பெரும்பாலானோர் எப்படியும் கோணேசர் கோவிலுக்குப் போவார்கள். வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. தின்பண்டம் எதுவும் நீட்டாமல் தள்ளி நின்று அவற்றைப் பார்த்தாலே போதும். காட்டுயிரைக் கண்ட மகிழ்ச்சிக்குக் குறைவிராது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. ஒரு நேரத்தில் எத்தனை சீட்டு என்பதைத் திணைக்களம் முடிவுசெய்து, துறைமுக அதிகாரசபை ஊடாகக் கப்பல் நிறுவனங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த எண்ணை ஏற்காத நிறுவனத்துக்குத் தன் விளம்பரத்தில் புறாத்தீவின் படத்தைப் போடும் உரிமை இருக்கக்கூடாது.